கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பு

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி கோதையின் அலுவலகத்தில் வருஷாவருஷம் கொடுப்பது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு விவசாயக் குறிப்பு இருக்கும். இன்றைய குறிப்பு: 'விதைக்கும் முன் விதையை நேர்த்தி செய்க.' ஜனவரியிலிருந்து நேற்று வரை எல்லாப் பக்கமும் காலி. நான் டைரி எழுதுகிற ஜாதி இல்லை. இன்று எழுதக் காரணம் இருக்கிறது.

காலையில் பொன்வயல் விதைக் கழகத்தின் மண்டல மேலாளர் திருவேங்கடம் போன் செய்தார்.

"சோமு சார், நம்ம கழகத்துக்குப் பொன்விழா. மலர் போடுறோம். ஆபீஸ உள்ள வெளிய, செக்‌ஷன் செக்‌ஷனா படம் எடுத்துத் தரணும். மேடத்தோட வீட்டுக்காரர் இருக்கறப்ப நான் வெளியாளக் கூப்பிடுவேனா?"

மேடம் என்றது என் மனைவி பூங்கோதையை. அங்கே இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். இப்போது கண்காணிப்பாளர். நான் உறையூரில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியும். வேறு சில விஷயங்கள் தெரியாது போலிருக்கிறது. நல்லதுதான்.

கோதை லால்குடியில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்றோடு நாற்பத்தொரு நாள். ஒரு மாறுதலுக்காகப் போயிருக்கிறாள். அங்கிருந்தே பஸ்ஸில் அலுவலகம் வந்துபோகிறாள் என்று மகள் சுகந்தி ஓசூரிலிருந்து சொன்னாள். கோதை என் போனை எடுப்பதில்லை.

"எடுத்துத் தரேன் சார்" என்றேன். மூன்று வாரம் அங்கே போய்வர வேண்டியிருக்கும். மூன்று வாரத்தில் ஒரு நாளாவது அவள் என்னோடு பேசாமலா போய்விடுவாள்? வேலை முடியும் நாளில் அவளைப் பழையபடி வண்டியில் உட்கார வைத்து வீட்டுக்குக் கூட்டிவந்துவிட வேண்டும். இதைத் தவிர எனக்கு இந்த மலரில் எந்த அக்கறையும் இல்லை. எழுதிவைத்தால் நடக்கும் என்பார்கள். எழுதிவிட்டேன்.

ரசம் அடிப்பிடித்துவிட்டது. ரசம் எப்படி அடிப்பிடிக்கும் என்று கேட்காதீர்கள்.

ஜூன் 4, செவ்வாய்

லென்ஸ் துடைத்தேன். நீலச் சட்டையை இஸ்திரி போட்டேன். அவளுக்குப் பிடித்த சட்டை.

ஜூன் 5, புதன்

இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேட்டைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. சாயந்திரம் ஐந்தே முக்காலுக்கு எதிர்ப்புற டீக்கடையில் வண்டியை நிறுத்தி நிற்பேன். அவள் வருவாள், ஏறிக்கொள்வாள், "போலாம்" என்பாள். அவ்வளவுதான் எனக்கும் அந்த அலுவலகத்துக்கும் உள்ள உறவு.

உள்ளே போனேன். அழுது வடிகிற கட்டடங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். இது ஒப்பாரியே வைக்கிறது. இரும்பு பீரோக்கள், அவற்றின் தலையில் கயிறு கட்டிய கோப்புகள், நாற்காலி முதுகில் ஆளுக்கொரு துண்டு. நாலு சுவர்க் கடிகாரம் இருக்கிறது. நாலும் நாலு வேறு வேறு மணி காட்டுகின்றன. சுவர் முழுக்க இடுப்பு உயரத்துக்கு உப்பு பூத்து, பச்சைப் பெயிண்ட் உரிந்து, திட்டுத் திட்டாக வெள்ளை.

முதல் மாடியில் கோதையின் மேஜை. நாற்காலி காலியாக இருந்தது.

"மேடம் பதினஞ்சு நாள் லீவாச்சே. நேத்துதான் எழுதிக் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா சார்?" என்றார் திருவேங்கடம்.

"தெரியும் சார். கேமரா மும்முரத்துல மறந்துட்டேன்" என்றேன்.

நான் வருகிற செய்தி அலுவலகத்தில் எப்போது தெரிந்தது என்று கேட்டேன். "முந்தாநாளே சர்க்குலர் விட்டுட்டேனே" என்றார் பெருமையாக.

பிறகு அறை அறையாகக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். "இந்த வெள்ளை வெள்ளையா இருக்கறதெல்லாம் படத்துல தெரியக் கூடாது. கம்ப்யூட்டர்ல டச்சப் பண்ணிடலாம்ல?"

"அது ஒரு நிமிஷ வேலை சார்" என்றேன். உண்மையில் அதுதான் எனக்கு நன்றாக வருகிற வேலை.

ஜூன் 6, வியாழன்

இன்று கோதையின் செக்‌ஷனைப் படம் எடுத்தேன். பக்கத்து மேஜையில் இருப்பவர் மும்தாஜ் பேகம். கோதை பேச்சில் பத்து வார்த்தைக்கு ஒரு முறை வருகிற மும்தாஜ். நேரில் இப்போதுதான் பார்க்கிறேன். ஒடிசலான ஆள். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிறார்.

"வாங்கண்ணே. ரோட்டுக்கு அந்தப் பக்கமாவே பாத்துப் பழகின ஆளு. இந்தப் பக்கம் வர இம்புட்டு வருஷமாச்சு" என்றார்.

"உங்க அக்கா கூப்பிட்டதே இல்லம்மா."

"கூப்பிடாமயா இருப்பாங்க? ஆயுத பூஜைக்கு வருஷா வருஷம் எல்லார் வீட்டுலேருந்தும் வருவாங்க. நீங்க அன்னிக்கு சீசன்னு சொல்லிடுவீங்களாம்."

அது உண்மை. ஆயுத பூஜையன்று ஸ்டுடியோவில் கூட்டம் இருக்கும்.

கோதையின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் மூன்று விஷயம் இருந்தது. சமயபுரத்து அம்மன், சுகந்தியின் ஒன்றாம் வகுப்புப் படம், பிறகு கோதையின் படம் ஒன்று. போனில் எடுத்து, சாதாரணத் தாளில் பிரிண்ட் போட்டது. எங்கோ அருவிக்கரை. தலை நனைந்து, வாயைத் திறந்து சிரிக்கிறாள். நெற்றியில் பாதியை ஓரம் தின்றுவிட்டது. போகஸ் இல்லை, படம் ஆடியிருக்கிறது, வெயில் நேரே முகத்தில் அடிக்கிறது. முகத்தில் இருப்பதெல்லாம் அப்படியப்படியே தெரிகிறது.

"குத்தாலம் டூர்ல நான் எடுத்ததுண்ணே" என்றார் மும்தாஜ். "எனக்கு எடுக்கத் தெரியாது. இருந்தாலும் அக்காவுக்கு இதுதான் வேணுமாம்."

என் கடையில் எடுத்த படம் ஒன்றுகூட அந்த மேஜையில் இல்லை. இரண்டு தங்க மெடல் வாங்கியவன் நான். போகஸ்கூட இல்லாத படத்தைப் பார்த்து வயிறு எரிந்தது. எழுதுவதற்கென்ன, எரிந்தது.

ஜூன் 8, சனி

கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இலை பழுத்துக் கொட்டுகிறது. தண்ணீர் அதிகமா குறைவா என்று தெரியவில்லை. அவள்தான் சொல்ல வேண்டும்.

சுகந்தி பேசினாள்.

"அப்பா, அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டீங்களா?"

"எதுக்குடா?"

"எதுக்குன்னு உங்களுக்கே தெரியலைன்னா கேக்காம இருக்கறதே நல்லதுப்பா."

நான் செய்த குற்றம் என்ன என்று யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலை. நானே எழுதிப் பார்க்கிறேன்.

சுகந்தி எல்.கே.ஜி. போன வருஷம் கோதையின் இடது உதட்டோரத்தில் ஒரு மிளகளவு வெளுத்தது. பிறகு இடது இமை, பிறகு கை விரல்கள். தொற்றாது, வலிக்காது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னதை ஊர் கேட்டதா? கோயில் வரிசையில் பின்னால் நின்ற அம்மாள் இரண்டடி தள்ளி நின்றாள். அந்த வாரம் கோதை சரியாகச் சாப்பிடவில்லை. அவளை ஸ்டுடியோவில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்தேன். அப்போதெல்லாம் பிலிம்தான். நெகட்டிவில் பென்சிலைக் கூராக்கிப் புள்ளி புள்ளியாக வைத்து உதட்டோரத்தைச் சரி செய்து பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள் முழுக்க அந்த வேலை.

அவள் படத்தைப் பார்த்து அழுதாள். "இப்படியே இருந்துட்டா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள். அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அவளை நான் எடுத்த எல்லாப் படத்திலும் டச்சப் செய்தேன். கேட்கவேண்டியதே இல்லை. நிற்கும்போதே "கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பு" என்பேன். திரும்பினால் இடது பக்கம் பாதி மறைந்துவிடும், டச்சப் வேலை குறையும். திரும்புவாள். கட்டினவளைப் படத்திலாவது குறையில்லாமல் வைத்திருந்தேன். இதற்கு மன்னிப்பா?

ஜூன் 10, திங்கள்

திருவேங்கடத்துக்கு வராந்தா படம் பிடிக்கவில்லை. அலுவலகம் அலுவலகம் மாதிரியே இருக்கிறதாம். நாலு பிளாஸ்டிக் செடித் தொட்டி வரவழைத்தார். அறைக்கு அறை தூக்கிப்போய் வைத்தோம். மலரைக் கூர்ந்து பார்ப்பவனுக்கு அந்த நாலு தொட்டியும் கழகத்தின் எல்லாப் பிரிவிலும் வேலை பார்ப்பது தெரியும்.

ஜூன் 12, புதன்

சுவர்களையெல்லாம் முடித்துவிட்டேன். பச்சை நிறத்தை நல்ல இடத்திலிருந்து எடுத்து உரிந்த இடத்தில் அப்பி, ஓரத்தை மங்கலாக்கி, மேலே கொஞ்சம் வெளிச்சம். நேற்றுக் கட்டிய கட்டடம் தோற்றுப்போகும். லேப்டாப்பில் காட்டினேன். திருவேங்கடம் சுவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்து, "நம்ம ஆபீஸா சார் இது!" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லாரும் வந்து பார்த்தார்கள். மும்தாஜ் கடைசியாக வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இடத்துக்குப் போனார்.

கிளம்பும்போது கேட்டேன். "படம் பிடிக்கலையாம்மா?"

"நல்லாருக்குண்ணே. ஆனா நாங்க இதுக்குள்ள உக்காரலையே" என்றார். "சுவத்தப் பூசிக் குடுங்கன்னு பத்து வருஷமா ஹெட் ஆபீசுக்கு மனு போடுறோம். ஒவ்வொரு மனுவும் கோதையக்கா எழுதுனதுதான். மழைக் காலத்துல ஃபைலெல்லாம் நனையுது, ரெண்டு பேருக்கு இளைப்பு வந்துருச்சு. இப்ப இந்த மலரு அங்க போகும். 'சுவரு ஜோராத்தான இருக்கு, இவளுகளுக்கு என்ன குறைச்சல்'னு மனுவத் தூக்கிப் போட்டுருவாங்க. நீங்க நல்லதுன்னுதான் செஞ்சீங்க. எங்க நெலமையத்தான் காணோம்."

சுவரைப் பற்றித்தான் பேசினார். வீட்டுக்கு வரும் வழியில் இரண்டு முறை பிரேக் போட மறந்தேன்.

ஜூன் 14, வெள்ளி

எட்டாம் தேதி எழுதியதைப் படித்துப் பார்த்தேன். விட்டுப்போனது இருக்கிறது. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

போன வருஷம் சுகந்திக்கு வரன் வந்தபோது தரகர் குடும்பப் படம் ஒன்று கேட்டார். இருந்ததில் நல்லதாக எடுத்து, வழக்கம்போல டச்சப் செய்து அனுப்பினேன். கோதையிடம் சொல்லவில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இல்லை. சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும்.

பெண் பார்க்க வந்தார்கள். கோதை மாம்பழ நிறப் பட்டில் வாசலுக்கு வந்து, "வாங்க, வாங்க" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பொண்ணோட அம்மா உள்ள இருக்காங்களா?"

"நான்தாங்க" என்றாள் கோதை.

அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. அவருக்கு அனுப்பிய படத்தில் இருந்தவளைத் தேடினார், அவ்வளவுதான். ஆனால் முகம் மாறியது. கோதை காப்பி கொண்டுவந்து நீட்டியபோது, "எங்க வீட்டுல யாரும் காப்பி குடிக்கறதில்லீங்க" என்றார். அந்த வீட்டில் நாளைக்கு நாலு வேளை காப்பி என்று கல்யாணத்துக்குப் பிறகு சுகந்தி சொல்லித் தெரிந்தது. பையன் உறுதியாக இருந்ததால் கல்யாணம் நடந்தது.

மறுநாள் காலை கோதை, "எந்தப் படத்த அனுப்புனீங்க?" என்றாள். காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நானும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். இருபத்தெட்டு வருஷம் கூடவே வாழ்ந்தவன் எடுத்துக்கொண்ட லட்சணம் இது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கல்யாணப் படங்களை நண்பர் கடை ஆட்கள் எடுத்தார்கள்; டச்சப் மட்டும் நானே செய்தேன். மகள் கல்யாணம், சீர் மாதிரி நினைத்துச் செய்தேன். நானூற்றுப் பன்னிரண்டு படம். ஏப்ரல் இருபத்துமூன்றாம் தேதி ஆல்பம் வந்தது. கோதை கூடத்தில் உட்கார்ந்து ஒரு பக்கம் விடாமல் புரட்டினாள். தாலி கட்டும்போது பின்னால் நின்று அழுகிற படம், சுகந்தி அவள் தோளில் சாய்ந்திருக்கிற படம், எல்லாம். மூடிவைத்துவிட்டுச் சொன்னாள்:

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகலையாட்டம் இருக்கு."

"உனக்கு நல்லா இருக்கட்டும்னுதான் கோதை..."

"இந்தப் பொம்பள நல்லாத்தான் இருக்கா. இவளோடயே குடும்பம் நடத்துங்க."

ஒரு பையில் ஐந்து சேலை எடுத்துக்கொண்டாள். அடுப்பில் பால் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். மாறுதலுக்குப் போனாள் என்று நான்தான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத். மும்தாஜ் வீட்டுக்காரர் பிரியாணி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நன்றி சொல்ல போன் செய்தேன்.

"புதன்கிழமை குரூப் போட்டோவுக்கு அக்கா வராங்கண்ணே" என்றார் மும்தாஜ். "தென்காசி பிராஞ்சுக்கு ட்ரான்ஸ்ஃபர் கேட்டிருந்தாங்க. ஆர்டர் வந்துருச்சு. ஒண்ணாம் தேதி அங்க சேரணும். உங்களுக்கு யாராவது சொல்லணும்ல, அதான் சொல்றேன்" என்றார்.

தென்காசியில் இப்போது சாரல் காலம்.

ஜூன் 18, செவ்வாய்

என்ன சொல்வது என்று பாத்ரூம் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்தேன். "தப்புதான் கோதை. வீட்டுக்கு வா." நாலு வார்த்தை. அதற்கு மேல் பேசினால் கெடுத்துவிடுவேன்.

ஜூன் 19, புதன்

கெடுத்துவிட்டேன்.

அலுவலக வாசலில் பதினொரு மணிக்கு முப்பத்துநாலு பேரையும் நிறுத்தினேன். அதிகாரிகள் முன்னால் நாற்காலியில், உயரமானவர்கள் பின்வரிசையில். கோதை முன்வரிசையில் மூன்றாவது நாற்காலி. இளைத்திருந்தாள். சாம்பல் நிறச் சேலை. என்னைப் பார்த்து, வேற்று மனுஷருக்குச் செய்வதுபோல, லேசாகத் தலையசைத்தாள். வெளுப்பு கன்னம் வரைக்கும் வந்திருக்கிறது. ஐம்பத்தேழு நாளில் அப்படி வராது. முன்பே வந்திருக்கும். நான்தான் பார்க்கவில்லை.

கேமராவில் கண் வைத்தேன். முதுகை நிமிர்த்தச் சொன்னேன், பின்வரிசையை நெருங்கி நிற்கச் சொன்னேன், முகவாயை இறக்கச் சொன்னேன். கை தன் வேலையைச் செய்தது. வாயும் தன் வேலையைச் செய்தது.

"கோதை, கொஞ்சம் லெஃப்ட்ல திரும்பு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. முப்பத்துநாலு பேரும் அசையாமல் இருந்தார்கள். குரூப் போட்டோவில் அப்படி ஓர் அமைதியை நான் கண்டதில்லை. யாராவது ஒருவர் இருமவாவது செய்வார். மும்தாஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

கோதை திரும்பவில்லை. லென்ஸை நேராகப் பார்த்தாள். நான் அமுக்கினேன். நாலு படம் எடுத்தேன். நாலிலும் நேராகப் பார்க்கிறாள்.

முடிந்ததும் கேமரா ஸ்டாண்டை மடக்கிக்கொண்டே பார்த்தேன். கூட்டத்தோடு கூட்டமாக உள்ளே போய்விட்டாள். ஐந்தே முக்காலுக்கு டீக்கடையில் நின்றேன். அவள் நாலு மணி பஸ்ஸிலேயே போய்விட்டதாக டீ மாஸ்டர் சொன்னார்.

ஜூன் 21, வெள்ளி

படங்களைக் கொடுத்தேன். சுவர்களைக் கேமராக் கார்டில் இருந்தபடியே, உப்பும் உரிசலுமாகக் கொடுத்தேன். குரூப் போட்டோவில் எதையும் தொடவில்லை.

திருவேங்கடத்துக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ன சார் இது? அன்னிக்குக் காட்டினது எங்க?"

"அது அழிஞ்சுபோச்சு சார். சுவர் இப்படித்தான இருக்கு."

"இப்படி இருக்குங்கறதுக்குத்தான உங்கள வெச்சேன்?"

அச்சகத்து ஆளை வைத்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மும்தாஜ் கேட்கும்படி கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். கோதைக்குச் செய்தி போகும். இதுவும் ஒரு வகை டச்சப்தான் என்று வண்டியில் வரும்போது தோன்றியது. இந்தத் தடவை எனக்கு.

ஜூன் 24, திங்கள்

அவளுடைய முகம் ஒன்று வேண்டும் என்று காலையிலிருந்து தேடுகிறேன். தொடாத முகம். நெகட்டிவ் பெட்டிகளை இறக்கினேன். அவளுக்கு வெளுத்த பிறகு எடுத்த பிலிமெல்லாம் பென்சில் பட்டது. அதற்குப் பின் வந்தவை கம்ப்யூட்டரில். நான் எப்போதும் அசல் மேலேயே சேமித்துவிடுவேன். இரண்டு பிரதி வைத்தால் இடம் அடைக்கும் என்று. கல்யாணப் படங்களின் அசலை நண்பர் கடையிலும் அழித்துவிட்டார்களாம். திருச்செந்தூர், சுகந்தி பூப்பு நீராட்டு, எங்கள் இருபத்தைந்தாம் வருஷம், எதிலும் இல்லை. எல்லாவற்றிலும் அந்தப் பொம்பளை இருக்கிறாள்.

குரூப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முப்பத்துநாலு பேரில் அவள் முகம் கடலைப் பருப்பளவு. பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்து போகிறது.

ஜூன் 26, புதன்

லால்குடி வரை போனேன். மச்சான் வாசலுக்கு வந்து, "குளிக்கறா மாப்ள. இன்னொரு நாள் வாங்களேன்" என்றார். ஒன்றரை மணி நேரம் எதிர்க் கடையில் நின்றேன். யாரும் அவ்வளவு நேரம் குளிப்பதில்லை.

ஜூன் 28, வெள்ளி

கோதை வந்தாள்.

பதினொன்றரை இருக்கும். ஸ்டுடியோவில் யாரும் இல்லை. சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பாஸ்போர்ட் சைஸ் எட்டு வேணும். தென்காசில சேரும்போது குடுக்கணும்" என்றாள்.

லால்குடியிலும் ஸ்டுடியோ இருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. அவளே சொன்னாள்.

"அங்கயே எடுத்திருக்கலாம். உங்க கையால ஒண்ணு வேணும்னு தோணுச்சு."

உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். விளக்கு போட்டேன். விளக்குக் குடையை இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்தேன். வழக்கமாக இடது பக்க விளக்கைக் குறைப்பேன். அவள் அதைக் கவனித்தாள்.

கேமராவுக்குப் பின்னால் நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று தெரிந்தும் வாய் வரவில்லை. இருபத்தோரு வருஷமாக இந்த ஊரில் எல்லாரிடமும் சொன்னதுதான், இவளிடம் மட்டும் சொல்லாதது.

"நேராப் பாரு" என்றேன்.

பார்த்தாள். உதட்டோரம், இமை, கன்னம், எல்லாம் பார்த்தேன். கழுத்தும் இடது தோளும் சேருகிற இடத்தில் ஒரு சிறிய திட்டு, இலை வடிவத்தில். அதை நான் அறிந்ததே இல்லை. ஒரு படம்தான் எடுத்தேன். இரண்டாவது எடுக்கக் கை வரவில்லை.

பிரிண்ட் போட்டேன். தாள் வந்ததும் வெட்டி எட்டையும் அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"வயசாயிருச்சு" என்றாள். சிரித்தாள். குத்தாலத்துப் படத்தில் இருந்த சிரிப்பில் கால்வாசி.

"தப்புதான் கோதை. வீட்டுக்கு வா." நாலு வார்த்தை. சொல்லிவிட்டேன்.

அவள் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாள். "நல்லதுக்குன்னுதான் செஞ்சீங்கன்னு தெரியும்ங்க. தெரிஞ்சதாலதான் இம்புட்டு வருஷம் வாயத் தொறக்கல. ஊர்ல எல்லாரும் என்னப் பாத்து மூஞ்சியத் திருப்பிக்குவாங்க. நீங்க என் மூஞ்சியத் திருப்புனீங்க. மத்தவங்க செஞ்சப்ப வீட்டுக்கு வந்து அழுதேன். நீங்க செஞ்சா எங்க போயி அழறது?"

கத்தியை மேஜையில் வைத்தேன்.

"கம்ப்யூட்டர்ல இருக்கறத அழிச்சிடுங்க" என்றாள்.

"இத நான் தொட மாட்டேன் கோதை. சத்தியமா."

"உங்க கை சும்மா இருக்காதுங்க. இன்னிக்கு இல்லாட்டியும் ஒரு நாளைக்கு உக்காந்து சரி பண்ணிருவீங்க. பாசத்துலதான் பண்ணுவீங்க. அழிச்சிடுங்க."

அவள் பக்கத்தில் வந்து நின்றாள். சந்தனச் சோப்பு வாசனை. நிச்சயமாக அழிக்கவா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆம் என்றேன். கேமராக் கார்டிலிருந்தும் எடுத்தேன். அவளைக் கேட்காமல் எவ்வளவோ அழித்திருக்கிறேன். அவள் சொல்லி அழித்தது இது ஒன்றுதான்.

உறையில் பெயர் எழுதினேன். பூங்கோதை, எட்டு காப்பி. டச்சப் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி நீட்டினேன். நீட்டியவன் விடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு எனக்குக் குடு."

அவள் யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள், அது முகத்தில் தெரிந்தது. பிறகு உறையை மெதுவாக என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"உங்ககிட்டதான் நிறைய இருக்கே" என்றாள்.

குத்தலாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கறிவேப்பிலைச் செடிக்கு வாரம் இரண்டு நாள் தண்ணீர் போதும், அழுகிவிடும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

ஜூன் 29, சனி

கடை திறக்கவில்லை. ஸ்டுடியோவைப் பெருக்கினேன். வெட்டும் மேஜைக்கு அடியில் நேற்றுத் தாளில் கழிந்த ஓரங்கள் கிடந்தன. எல்லாம் வெறும் வெள்ளை. ஒன்றில் மட்டும் என் கத்தி கோணியிருக்கிறது. ஒரு நூலளவு அவள் இடது தோளும் சேலை ஓரமும், அதற்கு மேல் அந்த இலைத் திட்டின் நுனியும்.

இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். பசையைப் பின்புறம்தான் தடவினேன். முன்புறம் கை படவில்லை.